கல்லாகிப்போன மரம், கடல் நத்தை, சிங்கமுக கிணறு...
செலவில்லாமல் பிள்ளைகளோடு ஒருநாள் சுற்றலாம்

பெரம்பலூர்:-

முழு ஆண்டு பரீட்சை முடிந்துவிட்டது. "எங்கயாச்சும் கூட்டிட்டு போப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கும் நேரம். ஊட்டி, கொடைக்கானல் போக கையில் காசு வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கிளம்பும் அப்பா, அம்மாவுக்கு பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதுவும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்த இடம்.

60 அடி மரம்

ஆலத்தூர் தாலுகா சாத்தனூரில் கல்மர பூங்கா உள்ளது. இங்கே கல்லாக மாறிய மரம் ஒன்று தரையில் படுத்துக் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். அதாவது 60 அடிக்கு கொஞ்சம் கம்மி. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள்!

1940-ம் ஆண்டு இந்திய புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை வெளியுலகுக்கு சொன்னார். பின்னாளில் அந்த துறைக்கே தலைவரான முதல் இந்தியர் அவர்தான். இன்றும் அந்த துறைதான் மரத்தை பாதுகாத்து வருகிறது.

"மரம் எப்படிப்பா கல்லாச்சு?" என்றுதான் எந்தப் பிள்ளையும் முதலில் கேட்கும். பதில் தெரிந்து போனால் அப்பாவுக்கு மரியாதை.

அந்த காலத்தில் கடல் இந்த பகுதி வரைக்கும் இருந்தது. இன்றைக்கு கடற்கரைக்கு போக கிழக்கே ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் போகவேண்டும். கரையோர காட்டில் வளர்ந்த மரங்களை ஆறு அடித்து வந்து கடலோர சேற்றில் புதைத்தது. காற்று படாததால் மரம் மக்கவில்லை. மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் தண்ணீரில் கரைந்து மரத்துக்குள் இறங்கியது. ஊறுகாய்க்குள் உப்பு இறங்குமே, அது மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக மரம் இருந்த இடத்தை எல்லாம் கல் பிடித்துக்கொண்டது. உருவம் மட்டும் மாறவில்லை.

இது பூக்காத ஊசியிலை வகை மரம். அப்போது வேம்பு கிடையாது, புளி கிடையாது, தென்னையும் கிடையாது. ஆனால் டைனோசர் உண்டு. இதை சொன்னால் வாண்டுகள் வாயை பிளக்கும்.

சிமெண்டும் கடல் தந்ததுதான்

அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் ஏன் வந்தன? அதே கடல்தான் காரணம். சிப்பி, நத்தை ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது. சுண்ணாம்பு லாரி ஓட்டும் அப்பாக்கள் தினமும் ஏற்றி இறக்குவது பழைய கடலின் அடித்தரையைத்தான். உலக புவியியல் புத்தகங்களில் அரியலூர் பெயரிலேயே ஒரு பாறை தொகுதி இருக்கிறது. கீழப்பழூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இவற்றை பார்க்கலாம். சுருட்டி வைத்த நத்தை போல இருப்பது அம்மோனைட். நத்தை மாதிரி தெரிந்தாலும் கணவாய் மீனுக்குத்தான் சொந்தம். கிளம்பும் முன்பு திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

2020-ம் ஆண்டு குன்னத்தில் மண் வெட்டியபோது பெரிய பெரிய உருண்டை கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை" என்று செல்போனில் பரவி கூட்டம் கூடிவிட்டது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் மேல் மண் படிந்து உருண்டையான கல் என்று சொல்லி முடித்தார்கள்.

குட்டை பக்கம் வேண்டாம்

இங்கே ஒன்றை கண்டிப்பாக சொல்லவேண்டும். சுண்ணாம்புக்கல் எடுத்து கைவிடப்பட்ட பள்ளங்களில் தண்ணீர் பச்சை நிறத்தில் பளபளக்கும். வெயிலுக்கு இறங்க தோன்றும். அது ஏரி மாதிரி சரிவாக போகாது. ஒரு எட்டு வைத்தால் அடுத்த எட்டு ஆழம். நீச்சல் தெரிந்தவரும் ஏறி வர பிடிமானம் இருக்காது. போட்டோ எடுக்கக்கூட ஓரத்துக்கு பிள்ளைகளை விடக்கூடாது. மேல் மண் பொலபொலவென்று சரியும்.

கல்மரத்தை பெயர்த்து பையில் போட்டு வருவதும் வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வேலிதான் மிஞ்சும்.

எப்போது, எப்படி?

காலை 7 மணிக்கு கிளம்பினால் வெயில் ஏறும் முன்பு சாத்தனூரை முடிக்கலாம். கடை கண்ணியை நம்பாமல் புளிசோறு, தயிர்சோறு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ்சில் போகிறவர்கள் ஒரேநாளில் எல்லாம் பார்க்க ஆசைப்படாமல் இரண்டு இடத்தோடு நிறுத்திக்கொண்டால் பிள்ளைகள் அழாது. அரசு பஸ்சில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது.

கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தை மே மாதத்தில் விட்டுவிடலாம். பறவைகள் வருவது மழைக்கு பிறகுதான். லாடபுரம் மயிலூற்று அருவியும் அப்படியே. கோடையில் பாறையைத்தான் பார்க்க முடியும்.

சாயங்காலத்துக்கு கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோவில். 2004-ல் யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியலில் சேர்ந்தது. மதியம் போனால் நடை சாத்தியிருக்கும், கல்தரை காலை சுட்டுவிடும். 4 மணிக்கு மேல் போனால் பெரிய நந்தியையும், சிங்கத்தின் உடம்பு வழியாக படி இறங்கும் கிணற்றையும் பார்த்துவிட்டு புல்தரையில் பிள்ளைகளை ஓட விடலாம். இருட்டுவதற்குள் ஜெயங்கொண்டம் வந்து சேர்ந்தால் அரியலூருக்கு பஸ் பிடித்துவிடலாம்.