பகலிலும் நடமாடும் புழு

யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க வரும் சுகாதாரப் பணியாளர்கள் தமிழ்நாட்டில் ராத்திரியில்தான் கதவைத் தட்டுவார்கள். இந்நோயை உண்டாக்கும் தாய்ப்புழு ஈனும் நுண்புழுக்கள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலோரம் பெருமளவில் வருகின்றன. நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான்.

நிகோபாரின் கட்சால் தீவில் இந்தக் கணக்கு செல்லாது. கட்சாலும் கமோர்ட்டாவும் அடங்கிய நன்கவுரித் தீவுக் கூட்டத்தில் இருப்பதும் அதே புழுதான், வுச்சரேரியா பான்கிராஃப்டி. ஆனால் அதன் நுண்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் நிறைய இருக்கின்றன. நோயைப் பரப்புவது மரப்பொந்தில் தேங்கிய நீரில் வளர்ந்து பகலில் கடிக்கும் காட்டுக் கொசு. இந்தப் பகல்வகை இந்தியாவில் வேறெங்கும் இல்லை. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தீவு கட்சால். நமக்கு அந்நியமான சேதியல்ல.

புழுவுக்கு நேரம் எப்படித் தெரிகிறது? 1881இல் லண்டனில் ஸ்டீஃபன் மெக்கென்சி என்ற மருத்துவர், இரவுவகைப் புழு கொண்ட நோயாளி ஒருவரைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாளில் நுண்புழுக்களும் பகலுக்கு மாறிவிட்டன. வெளிச்சத்தையல்ல, மனிதனின் தூக்கத்தையே அவை பின்பற்றுகின்றன. கண்ணில்லாத ஓர் உயிர் நம் உறக்கத்தை உள்ளிருந்தே அறிகிறது என்பது எனக்கு இன்னும் பிரமிப்பாகவே இருக்கிறது.

தாய்ப்புழு குடியிருப்பது நிணநீர்க் குழாயில். ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரில் ஒரு பங்கை மீண்டும் ரத்தத்தில் சேர்ப்பது அந்தக் குழாய்களின் வேலை. அவற்றுக்கு இதயம் போன்ற தனி விசைப்பம்பு கிடையாது. தாமே சுருங்கி விரிவதும், சுற்றியுள்ள தசைகள் அசைவதும்தான் நீரை மேலே ஏற்றுகின்றன. புழுவால் குழாய் விரிந்து பழுதானால் நீர் காலில் தங்கிவிடும்.

புழுவே இல்லாமலும், முதியோர் இல்லங்களில் நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் வீங்கும். எல்லா வீக்கத்தையும் வயதின் தலையில் போட்டுவிடக் கூடாது. சாயங்காலம் ஏறிக் காலையில் வற்றினால், கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்திருந்தால், சிரைக் கோளாறாக இருக்கலாம். இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில், மேற்புறத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகப் பிடிக்கவே வரவில்லையென்றால் நிணநீர்த் தேக்கமாக இருக்கலாம். பாதம் சில்லிட்டு வெளுத்து, விரலில் புண் ஆறாமலிருந்தால் தமனி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு காலும் ஒருசேர வீங்கி மூச்சும் வாங்கினால் இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நுண்புழுக்களைக் கொல்ல டி.இ.சி. மருந்து உண்டு. போர்ட் பிளேரிலுள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்கள் அதை உப்பில் கலந்து நன்கவுரித் தீவு மக்களுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். ஆனால் பருத்துவிட்ட காலை மாத்திரை இளைக்க வைக்காது. அங்கே கைகொடுப்பது தினசரிப் பராமரிப்பு: சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, சேற்றுப்புண்ணுக்கு மருந்து தடவுவது. இடுக்கு வெடிப்பில் புகும் கிருமிதான் குளிர்காய்ச்சலையும் நெறிகட்டலையும் கொண்டுவருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கிறது. உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதும், படுக்கும்போது காலைத் தலையணைமேல் வைப்பதும் உதவும். வீக்கம் குறைய இறுக்கிக் கட்டுப்போடும் முன் மட்டும் பாதத்தின் மேற்புறம் நாடி துடிக்கிறதா என்று மருத்துவரோ செவிலியரோ தொட்டுப் பார்த்தாக வேண்டும். தமனி அடைத்த காலுக்கு அந்தக் கட்டு, வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும்.