இல்லாத விரலின் நோ

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேச வருகிற எவரும் நெல்சனைத் தொடாமல் போவதில்லை. 1770களின் நடுப்பகுதியில் 'சீஹோர்ஸ்' என்ற கப்பலில், பதினாறு பதினேழு வயதுப் பையனாக இங்கு வந்து போனவர் அவர். உலகிலேயே சிறந்த துறைமுகம் இதுதான் என்று பிற்காலத்தில் சொன்னதாக நமது பிரசுரங்கள் எல்லாம் எழுதும். அந்தப் புகழ்ச்சியை நானும் பாடப்போவதில்லை. இன்று பேச எடுத்துக்கொண்டது நெல்சனின் வலது கையை.

1797 ஜூலையில் தெனரீஃப் தீவில் நடந்த சண்டையில் அந்தக் கை குண்டு பட்டுச் சிதைந்தது. அன்றிரவே கப்பலில் வைத்து முழங்கைக்கு மேலே வெட்டியெடுத்தார்கள். இரத்தக் குழாயைக் கட்டிய நூல், பக்கத்தில் ஓடிய நரம்பையும் சேர்த்துக் கட்டிவிட்டது. அந்த நூல் இற்று வெளியே வரும்வரை, ஏறத்தாழ நாலு மாதம், அபின் இல்லாமல் மனிதருக்கு இரவில் உறக்கமில்லை. நூல் விழுந்த பிறகு புண் ஆறியது. ஆனால் இல்லாத விரல்கள் இல்லாத உள்ளங்கையில் குத்தி அழுத்துவதாக அவர் உணர்ந்தார் என்றும், உடம்பு போனாலும் ஆன்மா எஞ்சும் என்பதற்கு இதுவே சான்று என்று சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. தமிழரான நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1998இல் வெளிவந்த தமது நூலில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பெரியவர் ஒருவருக்கு நெல்சனையும் தெரியாது, ராமச்சந்திரனையும் தெரியாது. போர்க்காலத்தில் மிதிவெடியில் இடது காலை இழந்தவர். செயற்கைக் காலோடு சைக்கிள் மிதித்துச் சந்தைக்குப் போய்வருவார். பின்னேரங்களில் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணையில் இருப்பார்.

"கால் அங்க இல்லைத் தம்பி. ஆனா பெருவிரல் மடங்கிப்போய் நெரியுது. நீட்டுவமெண்டா விரலைக் காணேல்ல."

சென்ற மாதம் ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தார். கம்பியில்லாமல் நரம்பைத் தூண்டி நோவைப் போக்கும் கருவி வந்துவிட்டது என்று அதில் இருந்தது. "இது உண்மையோ, சும்மா கதையோ? ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ." விசாரித்ததில் கிடைத்தவற்றைத்தான் நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு சொல். ஈழத்தில் நாம் 'வலி' என்பதைவிட 'நோ' என்பதையே அதிகம் சொல்கிறோம். வயிற்றுநோ, தலைநோ, கால்நோ. நோயும் நோவும் ஒரே வேரில் கிளைத்தவை. நோவு என்றாலே அது நோய்தான் என்று மொழி எப்போதோ தீர்மானித்துவிட்டது. மருத்துவம் இந்த இடத்துக்கு வரக் காலம் எடுத்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நோவு வேறொரு நோயின் அடையாளமாக மட்டுமன்றித் தானே ஒரு நோயாகவும் இருக்கலாம் என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஏறி நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். பெரியவரின் கதையும் அதுதான். காயம் ஆறிப் பல வருஷம். ஆனால் அறுந்த நரம்பின் நுனி முடிச்சிட்டுக் கிடந்து செய்தி அனுப்புகிறது. காலுக்கென்று மூளையில் ஒதுக்கிய இடமும் காலைக் கைவிடவில்லை.

சரி, மின்சாரம் இதில் எங்கே வருகிறது?

குழந்தை விழுந்து முழங்காலை அடித்துக்கொண்டால் அம்மம்மா என்ன செய்வா? அடிபட்ட இடத்தைத் தேய்த்து விடுவா. நோ குறையும். ஏன் குறைகிறது என்பதற்கு 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையைக் கொண்டுபோகிற நரம்பிழைகள் தடித்தவை, விரைவானவை. ஆறாமல் உளைகிற நோவைக் கொண்டுபோகிறவை மிக மெல்லியவை. விநாடிக்கு ஒரு மீற்றர் அளவில் ஊர்ந்து போகிறவை. இரண்டும் முள்ளந்தண்டின் உள்ளே ஒரு படலையில் சந்திக்கின்றன. தடித்த இழைகளில் செய்தி நிறைய வந்தால் படலை சாத்திக்கொள்ளும். நோவின் செய்தி வெளியே நிற்கும். இந்த விளக்கத்தின் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன. ஆனால் அதன் அடிப்படை பயனுள்ள ஒரு வழியைக் காட்டியது. கையால் தேய்ப்பதற்குப் பதிலாக மெல்லிய மின் துடிப்பால் அந்தத் தடித்த இழைகளைத் தட்டிக்கொண்டே இருந்தால் என்ன?

1967இல் வோலும் சுவீற் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் முதலில் தங்கள் முகத்து நரம்பிலேயே ஊசி ஏற்றி இதைப் பரீட்சித்தார்கள். அதே ஆண்டில் ஷீலி என்ற அமெரிக்க வைத்தியர், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஒருவரின் முள்ளந்தண்டில் முதல் மின்வாயை வைத்தார்.

அதற்குமுன் இந்த வேலையை ஒரு மீன் செய்தது என்றால் சிரிப்பீர்கள். உரோம அரசவை வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய மருந்து நூலில், தீராத தலைநோவுக்கு உயிருள்ள மின்திருக்கையை நோகிற இடத்தில் வைக்கச் சொல்கிறார். கால்வாதக்காரர் ஈரமான கடற்கரையில் அதை மிதித்துக்கொண்டு, முழங்கால் வரை விறைக்கும்வரை நிற்கவேண்டுமாம். இந்த இனத்து மீன்கள் நம் கடலிலும் உண்டு. தரங்கம்பாடிக் கடலில் கிடைத்த ஒன்றுக்கு 1801இல் ஐரோப்பியர் இட்ட விஞ்ஞானப் பெயரில் 'டிம்லெய்' என்று ஒரு பகுதி வருகிறது. நம் மீனவர் வாயிலிருந்த 'திமிலை' அது. காலைத் திமிரச் செய்கிற மீனுக்கு எவ்வளவு பொருத்தமான ஓசை!

மீனிலிருந்து கருவிக்கு வருவோம். பொதுவாக வைக்கப்படும் கருவியில் இரண்டு பாகம். முள்ளந்தண்டருகே அல்லது கோளாறான நரம்பருகே மின்வாய் கொண்ட மெல்லிய கம்பி. இடுப்புப் பக்கம் தோலுக்கடியில் தீப்பெட்டியளவில் ஒரு பற்றரிப் பெட்டி. இரண்டையும் இணைக்க உடம்புக்குள்ளேயே நீளத்துக்குக் கம்பி இழுக்கவேண்டும். குனிந்து நிமிர அது முறியலாம், இடம் மாறலாம். பற்றரி ஓய்ந்தால் மறுபடியும் கத்தி. மீள் மின்னேற்றும் பற்றரிகள் வந்து இதைக் கொஞ்சம் தணித்தன. ஆனால் பெட்டி பெட்டிதான்.

அந்தப் பெட்டியை உடம்புக்கு வெளியே எடுத்துவிடுவதுதான் 'கம்பியில்லா' முறை. வானொலி நேயர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய கிறிஸ்டல் செற்றை நினைவிருக்கிறதா? பற்றரி கிடையாது, ஒரு கம்பிச் சுருள், ஒரு பளிங்குத் துண்டு, காதில் மாட்டும் கருவி, அவ்வளவுதான். அலையோடு வருகிற சக்தியே பாட்டையும் கொண்டுவரும், காதுக் கருவியையும் அசைக்கும். நம் மாவட்டத்தில் ஜேர்மன் வானொலி 1980களில் நிறுவிய அஞ்சல் நிலையம் பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஒலிபரப்புக் கோபுரம் எங்களுக்குப் புதிதல்ல. இங்கே கோபுரம் நோயாளியின் இடுப்புப் பட்டியில் இருக்கிறது. உடையோடு அணிந்த சிறிய பரப்பி அலையை அனுப்பும். உள்ளே ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பும் இல்லாத ஒரு கம்பிக்குள் அடங்கிய வாங்கி அதைப் பிடித்துத் துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும். உடம்பின் ஈரம் அலையை உறிஞ்சிவிடுவதால் பரப்பி நெருக்கமாகவே இருக்கவேண்டும். கழற்றி வைத்தால் தூண்டலும் நின்றுவிடும்.

இதில் முழுப் புதுமை என்றும் இல்லை. ஆரம்பகாலக் கருவிகள் பலவற்றில் வாங்கி உள்ளேயும், தோலில் ஒட்டிய வளையம் வெளியேயும்தான் இருந்தன. நல்ல பற்றரி வந்ததும் மறந்துபோன வழி, வாங்கி மிகச் சிறிதானதும் திரும்பி வந்தது. 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'ஸ்ரிம்வேவ்' என்ற கம்பனியின் முள்ளந்தண்டுக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. கை, கால் நரம்புகளுக்கும் பிறகு அனுமதி கிடைத்தது.

பெரியவரின் துண்டில் இல்லாத பகுதி இனித்தான் வருகிறது. அந்தக் கம்பனி ஒரு கருவியை ஏறக்குறைய 16,000 டொலருக்கு விற்றது. அதன் ஒரு பாகமான வாங்கி 23 சென்ரிமீற்றர் நீளம். வெட்டிக் குறைக்க முடியாது. சில நோயாளிகளின் உடம்பில் வைக்க இடம் போதாது என்று வைத்தியர்கள் முறையிட்டார்கள். அந்தப் பாகத்தை நீக்கி விலையைக் குறைத்திருக்கலாம். கம்பனி செய்தது வேறு. பார்வைக்கு அதைப் போலவே, வேண்டிய அளவுக்கு வெட்டக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் துண்டைச் செய்து, அதுவும் வாங்கிதான் என்று சொல்லி விற்றது. உள்ளே செம்பில்லை, மின்சாரம் ஓடாது. விலைப்பட்டியலில் ஒரு வரியாக இருந்ததுதான் அது செய்த ஒரே வேலை. நோவோடு வந்த மனிதரின் உடம்பைக் கீறி அதை வைத்துத் தைத்தார்கள். கம்பனியை நிறுவி நடத்திய லோரா பெரிமனை 2024 மார்ச்சில் நியூயோர்க் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. ஆறு வருடச் சிறை. கம்பனி அதற்கு முன்பே, 2022இல், வங்குரோத்தாகி வேறு பெயரில் வேறு கைக்குப் போயிருந்தது.

இதை வைத்துக் கருவி முழுவதும் பொய் என்றுவிட முடியாது. நீரிழிவால் நரம்பு கெட்டுக் கால் எரிகிறவர்களுக்கு முள்ளந்தண்டுத் தூண்டலை 2021இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அதேவேளை முதுகுநோ விடயத்தில் செய்தி நன்றாயில்லை. நோர்வேயில் முதுகில் சத்திரசிகிச்சை செய்தும் நோ மாறாத 50 பேருக்குக் கருவி வைத்து, சில காலம் இயக்கியும் சில காலம் அவர்கள் அறியாமல் நிறுத்தியும் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். 2023இல் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் நீண்டகால முதுகுநோவுக்கு இதைச் சிபாரிசு செய்யத் தயங்கியது. என் அபிப்பிராயம், எந்த நோவுக்கு எந்த நரம்பு என்று கேட்காமல் கருவியின் பெயரைக் கேட்பது வீண். கத்தி இல்லாமல் தோலின்மேல் ஒட்டி மின் துடிப்புக் கொடுக்கும் சிறு பெட்டி இயன்மருத்துவரிடம் இருக்கும். ராமச்சந்திரனின் கண்ணாடிப் பயிற்சிக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நல்ல காலின் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் பார்த்தபடி விரலை நீட்டிப் பழகுவது. எல்லாருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குப் பலித்திருக்கிறது.

இவ்வளவையும் திண்ணையில் இருந்து சொல்லி முடித்தேன். பெரியவர் பிளாஸ்ரிக் துண்டுக் கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்தி, சரித்து, குனிந்து பார்த்தார்.

"கண்ணாடி சின்னன். முழங்கால் மட்டுந்தான் தெரியுது," என்றார். "நாளைக்குச் சந்தையில பெரிசா ஒண்டு பாப்பம்."