பரோட்டா மாஸ்டருக்கு ஊசி, காப்பு யாருக்கு?

கேரளத்தில் ஓட்டல் தொழிலாளர்களுக்கான ஹெல்த் கார்டு ஓராண்டுதான் செல்லும். புதுப்பிக்கும் கெடு நெருங்கியதும் குமுளி, மூணாறு, பாலக்காடு பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: போன வருஷம் போட்ட டைபாய்டு ஊசியை இந்த வருஷமும் போட வேண்டுமா?

வேண்டாம். கார்டின் ஆயுள் ஒரு வருஷம். சாதாரண ஊசியே மூன்று வருஷம் தாங்கும்.

சாப்பிட வருகிறவரைக் காக்கும் ஏற்பாடு இந்த கார்டு என்கிறார்கள் அதிகாரிகள். எனக்குத் தெரிந்தவரை, ஆளை ஒருநாள் டாக்டர் பார்த்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதன் வேர் 2011-ஆம் ஆண்டின் மத்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில், 4-ஆம் அட்டவணையில் இருக்கிறது. உணவைக் கையாள்பவர்கள் குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது விதி. எந்த ஊசி என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் விலை புகுந்துகொண்டது. அரசின் காருண்யா மருந்தகங்களில் நூறு ரூபாய்க்குள் கிடைத்த சாதாரண ஊசியும் ஆயிரத்தைத் தாண்டும் கான்ஜுகேட் ஊசியும் கார்டைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

உடம்பைப் பொறுத்தவரை ஒன்றல்ல. டைபாய்டு கிருமி 'விஐ' என்ற சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு திரிகிறது. மலிவு ஊசியில் இருப்பது அந்தச் சர்க்கரை மட்டும். கான்ஜுகேட்டில் அதே சர்க்கரையை டெட்டனஸ் டாக்ஸாய்டு போன்ற ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். புரதம் சேர்ந்தால்தான் நோயெதிர்ப்புச் செல்கள் அதை நினைவில் வைக்கின்றன. ஐதராபாத்தில் உருவான கான்ஜுகேட் ஊசி நேபாளத்துக் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் ஏறக்குறைய 80 சதவீதம் பலன் தந்தது. நல்ல ஊசி, சந்தேகமில்லை.

என்னை உறுத்துவது வேறு. டைபாய்டு வந்து குணமானவர்களில் சிலருக்கு, நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர் என்பது வழக்கமான கணக்கு, கிருமி பித்தப்பையில் தங்கிவிடுகிறது. பித்தக்கல் இருந்தால் அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, மலத்தில் மட்டும் கிருமி போய்க்கொண்டிருக்கும். 1907-இல் நியூயார்க்கில் பிடிபட்ட சமையல்காரி மேரி மெலன் அப்படிப்பட்டவர். ஓட்டல் சமையலறையில் நாம் பயப்பட வேண்டியது இவர்களைத்தான்.

இப்படிக் கிருமி சுமப்பவர்கள் பலருக்கு, ஊசி உண்டாக்கப் பார்க்கும் அதே விஐ ஆன்டிபாடி ரத்தத்தில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. இருந்தும் பித்தப்பைக் கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை. ஏற்கெனவே நிறைய இருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்து என்ன பயன்? அதைவிடச் சங்கடம், கிருமி சுமப்பவர்களைச் சலித்தெடுக்க உதவும் ரத்தப் பரிசோதனை ஒன்று தேடுவதும் இந்த ஆன்டிபாடியைத்தான். எல்லோருக்கும் ஊசி போட்ட பிறகு ஊசி போட்டவரும் கிருமி சுமப்பவரும் அதில் ஒரேமாதிரி தெரிவார்கள். மிச்சம் மலப் பரிசோதனை. கிருமி தினமும் வெளிவருவதில்லை என்பதால் ஒருமுறை பார்த்தால் போதாது, பலமுறை பார்க்க வேண்டும். எத்தனை ஓட்டலில் அது நடக்கிறது?

ஆக, ஊசி முதலில் காப்பது மாஸ்டரைத்தான். அவர் நோயில் விழாவிட்டால் நாளைக்குக் கிருமி சுமக்கவும் மாட்டார் என்பது உண்மை. ஆனால் இன்றைக்குச் சாப்பிடுபவரைக் காப்பது கழிப்பறைக்கு வெளியே இருக்கும் சோப்பு. அது இருக்கிறதா என்று கார்டில் எழுத இடமில்லை.

மற்ற கேள்விகள்:

கெடுவுக்கு முந்தின நாள் போடலாமா? கார்டு கிடைக்கும், பலன் வர இரண்டு வாரம் ஆகும்.

ஏற்கெனவே டைபாய்டு வந்தவருக்கு? வேண்டும், அது மறுபடியும் வரும்.

ஊசியால் வைடால் டெஸ்ட் பாசிட்டிவ் ஆகுமா? ஆகாது, வைடால் தேடுவது வேறு ஆன்டிபாடிகளை.

பாராடைபாய்டு? 'ஏ' வகைக் கிருமிக்கு விஐ போர்வையே இல்லை, தடுக்காது.

வீட்டுக் குழந்தைக்கு? கான்ஜுகேட் என்றால் 6 மாதத்திலிருந்து, சாதாரண ஊசி என்றால் 2 வயதுக்கு மேல்.

வேறு கடைக்கு மாறினால்? ஊசிப் பதிவைக் கடையில் வைக்கச் சொல்கிறது விதி. முதலாளியிடம் நகலைக் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.