குழுப் பாடகர் முதல் தனிக் கலைஞர் வரை: ஸ்டிங்கின் பயணமும் ராயல்டி வழக்கும்

மும்பை மஹாலக்ஷ்மி குதிரைப் பந்தய மைதானத்தில் 2024 ஜனவரியில் நடைபெற்ற லோலாபலூசா இசை விழாவின் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவர் பிரிட்டன் ராக் பாடகர் ஸ்டிங். இதே நகரின் ரங் பவன் திறந்தவெளி அரங்கில் 1980 மார்ச்சில் அவர் பாடியபோது, 'தி போலீஸ்' என்ற மூவர் குழுவின் பாடகராகவும் பேஸ் கிதார் கலைஞராகவும் இருந்தார். குழு கலைந்து பல ஆண்டுகளாகியும் அதன் பாடல்களை அவர் மேடைகளில் பாடி வருகிறார். அவற்றின் வருவாயில் தங்களுக்குரிய பங்கு முழுமையாக வரவில்லை எனக் கூறி, குழுவின் மற்ற இருவரும் 2025-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

ஸ்டிங்கின் இயற்பெயர் கார்டன் சம்னர். இங்கிலாந்தின் வடகிழக்கே, கப்பல் கட்டும் தொழிலால் அறியப்பட்ட வால்செண்டில் 1951-இல் பிறந்தார். பகலில் பள்ளி ஆசிரியர், இரவில் ஜாஸ் குழுக்களில் வாசிப்பவர் என்றிருந்த அவர், 1977-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். டிரம்ஸ் கலைஞர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் அப்போதுதான் 'தி போலீஸ்' குழுவைத் தொடங்கியிருந்தார். சில மாதங்களில் கிதார் கலைஞர் ஆண்டி சம்மர்ஸும் இணைந்தார்.

1978 முதல் 1983 வரை ஐந்து ஆல்பங்கள் வெளியாகின. 1983-இல் 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாடல் அமெரிக்கத் தரவரிசையில் எட்டு வாரங்கள் முதலிடத்தில் நீடித்தது. அந்த உச்சத்திலேயே குழு தேங்கிப்போனது. உறுப்பினர்களிடையேயான மோதல்கள் இசையுலகம் அறிந்தவை. ஸ்டிங் 1985-இல் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் உள்ளிட்ட இளம் ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். 1988-இல் ஆம்னெஸ்டி அமைப்பின் மனித உரிமை இசைப் பயணத்தில் டெல்லிக்கு வந்தபோது அவர் முழுமையான தனிக் கலைஞர்.

பாடல் யாருடையது?

குழுவை விட்டு வெளியேறும் எந்தப் பாடகருக்கும் பெயரைவிட முக்கியமானது, பாடலை எழுதியவர் எனப் பதிவாகியிருப்பது யார் என்பதே. ஒரு பாடலில் இருவகை உரிமைகள் உண்டு. ஒன்று வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது. மற்றொன்று ஒலிப்பதிவுக்கு உரியது. முதல் வகை ராயல்டி, பாடலை யார் எங்கே பாடினாலும் எழுதியவரைச் சேரும். வாசித்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 'தி போலீஸ்' குழுவின் பெரும் வெற்றிப் பாடல்களில் எழுதியவர் என்ற இடத்தில் இருப்பது ஸ்டிங்கின் பெயர் மட்டுமே.

இதன் விளைவு 1997-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. அமெரிக்க ராப் கலைஞர் பஃப் டாடி வெளியிட்ட 'ஐ வில் பி மிஸ்ஸிங் யூ' பாடல், 'எவ்ரி பிரெத்' பாடலின் கிதார் இசையை அப்படியே எடுத்தாண்டது. அதை வாசித்தவர் சம்மர்ஸ். பாடலாக்க ராயல்டியோ ஸ்டிங்கிற்குச் சென்றது. சட்டப்படி இதில் பிழையில்லை என்றாலும், அந்தக் கிதார் இல்லாமல் அப்பாடலைக் கற்பனை செய்வது கடினம்.

இந்தியாவில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரைப்பாடல்களை எழுதியவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி உரிமையை உறுதிசெய்தது. யார் இசையமைப்பாளர் என்று பதிவாகிறது என்பதே இங்கும் அடிப்படை.

மீண்டும் இணைந்தும் தீராத கணக்கு

2007 மே மாதம் வான்கூவரில் தொடங்கி 2008 ஆகஸ்டில் நியூயார்க்கில் முடிந்த மறுஇணைவுச் சுற்றுப்பயணம் மூவருக்கும் பெரும் வருவாய் ஈட்டித் தந்தது. எனினும், புதிய ஆல்பம் எதுவும் வரவில்லை. 2022-இல் ஸ்டிங் தமது பாடல் தொகுப்பின் உரிமையை யுனிவர்சல் மியூசிக் பப்ளிஷிங் நிறுவனத்துக்கு விற்றார். குழுவில் இருந்தபோது எழுதிய பாடல்களும் அதில் அடக்கம்.

பாடல்களுக்கு இசை வடிவம் கொடுத்ததற்காக எழுத்து ராயல்டியில் ஒரு பகுதியை மற்ற இருவருக்கும் தருவது என்ற ஏற்பாடு குழுவுக்குள் இருந்தது. இசைத்தட்டும் கேசட்டும் விற்ற காலத்தில் உருவான ஏற்பாடு அது. இணையத்தில் கேட்கப்படும் ஸ்ட்ரீமிங் வருவாய்க்கும் அது பொருந்துமா என்பதே வழக்கின் முக்கியக் கேள்வி. பொருந்தும் என்பது கோப்லாண்ட், சம்மர்ஸ் தரப்பின் வாதம். ஸ்டிங் தரப்பு அதை மறுக்கிறது.