கொக்கை ஏமாத்துற கொக்கு

இன்னைக்கு ஒரு பழைய ஹேக் பத்திப் பேசுவோம். இதுல ஹேக் ஆகுறது கம்ப்யூட்டர் இல்ல, பறவையோட மூளை.

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சம்பாவுக்கு உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னாடியே கொக்குங்க இறங்குறதைப் பார்த்திருப்பீங்க. முதல்ல ரெண்டு, கொஞ்ச நேரத்துல இருபது. மேல பறக்குற கொக்கு ஒவ்வொரு வயலையும் இறங்கிப் பார்க்க முடியாது. அதனால கீழ மேயுற கொக்கைப் பார்த்து முடிவு பண்ணும்: அங்க இரை இருக்கு, ஆபத்து இல்ல. பெரும்பாலும் சரியா வர்ற கணக்குதான்.

திருட்டு வேட்டைக்காரங்க கை வைக்கிறது இந்த நம்பிக்கையிலதான். உயிரோட இருக்குற ஒரு கொக்கையோ மடையானையோ வயல்ல கட்டிப் போட்டு, சுத்திக் கண்ணி வைப்பாங்க. சில நேரம் அதோட இமையைத் தைச்சிருப்பாங்க. கயிறைச் சுண்டினா அது தடுமாறிச் சிறகடிக்கும். மேலிருந்து பார்த்தா, இப்பதான் ஒண்ணு இறங்குற மாதிரி இருக்கும்.

சும்மா ஒரு பொம்மை வெச்சா போதாதா? அசைவுக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, வெள்ளைச் சிறகு விரிஞ்சு மடங்குறது தூரத்துலயே கண்ணுல படும். ரெண்டாவது, மேயுற கூட்டத்துல யாராவது அசைஞ்சுக்கிட்டேதான் இருப்பாங்க. மொத்தக் கூட்டமும் விறைச்சு நின்னா, ஆபத்துன்னு அர்த்தம். அதனால அசையாத பொம்மை சில நேரம் எச்சரிக்கையாவே மாறிடும்.

அமெரிக்காவுல காட்டு வாத்து வேட்டைக்காரங்க கொடி ஆட்டுறதும், காத்துல ஆடுற பொம்மை வைக்கிறதும் இதனாலதான். அங்கேயே உயிருள்ள பறவையைக் காட்டி ஏமாத்துறதை 1935-லயே தடை பண்ணிட்டாங்க.

தமிழுக்கும் இது புதுசு இல்ல. இப்படிக் காட்டிப் பிடிக்க வளர்க்குற விலங்குக்குப் 'பார்வை'ன்னு பழைய பேர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில வேட்டுவர் குடியிருப்புல கட்டியிருக்குற பார்வை மான் வருது.

இன்னைக்கு நிலைமை வேற. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, கொல்றது மட்டும் இல்ல, பொறி வெச்சுப் பிடிக்கிறதும் வேட்டைதான். இமயமலையைத் தாண்டி அரியலூர் கரைவெட்டிக்கு வர்ற வரித்தலை வாத்துக்கும், வயல் கொக்குக்கும் இது பொருந்தும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் கொக்குங்க கூடு கட்டும். அப்ப ஒரு தாய் கண்ணியில சிக்கினா, கூட்டுல குஞ்சுகளும் பட்டினி. வயல்ல வெட்டுக்கிளி தின்ன ஆளும் குறையும்.

ஆனா இதே தந்திரம் காப்பாத்தவும் செஞ்சிருக்கு. ஸ்டீபன் கிரெஸ் 1970-கள்ல அமெரிக்காவோட மெய்ன் கடற்கரையில ஒரு தீவுல பஃபின் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார். பறந்து போனதுங்க திரும்பி வந்து இறங்க பஃபின் பொம்மைகளை வெச்சார். 1981-ல அங்க மறுபடியும் கூடு கட்டினதுங்க. பொம்மை சொன்ன சேதி அதேதான்: 'இங்க வா, பயமில்ல.' வித்தியாசம் என்னன்னா, அங்க அது உண்மை.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, வயல்ல ஒரே இடத்துல தத்தளிக்கிற கொக்கைப் பார்த்தா கொஞ்சம் நில்லுங்க. காலில் கயிறு தெரிஞ்சா, தனியா போய் அவிழ்க்காதீங்க. இடத்தைக் குறிச்சு வனத்துறைக்குச் சொல்லுங்க.