இரு விக்கெட்டுகள் தந்த கிண்ணம்

கிறிக்கெட் ஆட்டத்திலே கூடுதலான ஓட்டங்களைப் பெற்ற அணியே வெல்லும் என்பது சிறுபிள்ளையும் அறிந்த விதி. ஆயினும், எதிரணியைவிட ஓர் ஓட்டந்தானும் கூடுதலாகப் பெறாது, லண்டன் மாநகரின் லோர்ட்ஸ் மைதானத்திலே வெற்றிக் கிண்ணத்தை ஏந்திய கிராமம் ஒன்று உண்டு. ஸ்கொத்லாந்திலே, ஃபைஃப் பகுதியைச் சேர்ந்த ஃபுரூக்கி என்பதே அக்கிராமம். 1985ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்திலே அது பெற்ற வெற்றி, விளையாட்டை விரும்புவோர் மட்டுமன்றி மாணவர் யாவரும் அறிந்துகொள்ளத்தக்கது.

ஃபுரூக்கி ஏறக்குறைய ஆயிரம் மக்கள் வாழும் சிற்றூர். அதன் அயலிலே ஃபோக்லண்ட் என்னும் அரண்மனை உளது. ஸ்கொத்லாந்தை ஆண்ட ஸ்ருவர்ட் மரபு மன்னர்கள் வேட்டைக்கும் ஓய்வுக்கும் அங்கு வந்து தங்குவர். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னன் 1542ஆம் ஆண்டிலே உயிர் நீத்ததும் அவ்வரண்மனையிலேதான். அரசனின் வெறுப்புக்கு ஆளானோர் அரண்மனையை விட்டு ஃபுரூக்கிக்குத் துரத்தப்பட்டனர் என்பது செவிவழிச் செய்தி. “ஃபுரூக்கிக்குப் போய் எலியைத் தின்” என்று ஒருவரை ஏசும் வழக்கமும் அப்பகுதியிலே வேரூன்றிவிட்டது. வேண்டாதாரை அனுப்பும் இடம் என்ற இழிபெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஊர் அது.

அங்கே 1908ஆம் ஆண்டிலே கிறிக்கெட் கழகம் ஒன்று தோன்றியது. ஸ்கொத்லாந்து மக்களின் உள்ளங் கவர்ந்த ஆட்டம் உதைபந்தாட்டமே. கொல்ஃப் ஆட்டத்தின் தாயகமெனப் போற்றப்படும் சென் அன்ட்ரூஸ் நகரமும் இதே ஃபைஃப் பகுதியிலேதான் இருக்கின்றது. இத்தகைய சூழலிலே, கிறிக்கெட் ஆங்கிலேயரின் ஆட்டம் என்றே பலரும் கருதினர். கோடைகாலமோ குறுகியது, மழையோ அடிக்கடி குறுக்கிடுவது. ஆயினும், அவ்வடபுலத்துக் கோடையிலே பொழுது சாய நெடுநேரம் செல்லும் என்பது ஒரு வாய்ப்பு. பகலெல்லாம் தொழில் செய்து களைத்தவர்களும் மாலையிலே மைதானத்துக்கு வந்து, வெளிச்சம் உள்ளவரை பயிற்சி பெறலாம். பந்துத்தடுப்பிலே ஃபுரூக்கி வீரர்கள் காட்டிய ஊக்கம் பின்னர் பலராலும் பாராட்டப்பட்டது.

இங்கிலாந்திலே ‘தி கிறிக்கெட்டர்’ என்னும் சஞ்சிகையின் முயற்சியால், 1972ஆம் ஆண்டு தொடக்கம் கிராமங்களுக்கென ஒரு சுற்றுப்போட்டி நடைபெற்று வருகின்றது. நூற்றுக்கணக்கான கிராமங்கள் அதிலே பங்குபற்றும். முதலிலே அவ்வப் பகுதிக்குள் ஆட்டங்கள் நடைபெறும். அவற்றில் வென்றோர் ஏனைய பகுதியினரை எதிர்ப்பர். ஒருமுறை தோற்றவர் அவ்வாண்டு முழுவதும் விலகியே நிற்றல் வேண்டும். மழை பெய்த ஒரு மாலையோ, கை நழுவிய ஒரு பிடியோ, ஓராண்டு உழைப்பையும் பாழாக்கிவிடும். இறுதியாட்டம் லோர்ட்ஸ் மைதானத்திலே நடைபெறும் என்பதே இப்போட்டியின் தனிச்சிறப்பு. புகழ்பெற்ற வீரர்கள் நடந்த புற்றரையிலே, கமக்காரரும் கடைக்காரரும் ஒரு நாளாவது கால் பதிக்கலாமன்றோ?

முதலாண்டிலே கோர்ன்வோல் பகுதியைச் சேர்ந்த துரூன் கிராமம் கிண்ணத்தைப் பெற்றது. பின்னர் வேல்ஸ் நாட்டுக் கிராமங்களும் அதனை வென்றன. ஆனால், முதற் பதின்மூன்று ஆண்டுகளிலும் ஸ்கொத்லாந்துக் கிராமம் எதற்கும் அப்பேறு கிட்டவில்லை.

1985இலே ஃபுரூக்கி இறுதியாட்டத்துக்குத் தெரிவாயிற்று. நானூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து ஊரவர் லண்டனுக்கு வந்தனர். ஸ்கொத்லாந்தின் பைப் வாத்தியம் முன்னே முழங்க, மேதை கிறேஸின் பெயர் பூண்ட வாயில்வழியாக வீரர்கள் உள்ளே அணிவகுத்துச் சென்றனர். துரத்தப்பட்டோரின் ஊர் எனப் பெயரெடுத்த கிராமம், அன்று கிறிக்கெட்டின் தலைவாயிலிலே தலைநிமிர்ந்து நுழைந்தது.

எதிர்த்து நின்றது, சறே, ஹாம்ப்ஷயர் ஆகிய இரு மாகாணங்களின் எல்லையிலுள்ள ரவுலெட்ஜ் கிராமம். ஒவ்வோர் அணிக்கும் நாற்பது ஓவர்கள். முதலிலே துடுப்பெடுத்தாடிய ரவுலெட்ஜ் அணியினர் 134 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகளையும் இழந்தனர். தொடர்ந்து ஆடிய ஃபுரூக்கி அணியினரும் தட்டுத்தடுமாறியே முன்னேறினர். ஓவர்கள் முடிந்தபொழுது அவர்கள் பெற்றிருந்தவையும் 134 ஓட்டங்களே! ஆனால் இழந்தவை எட்டு விக்கெட்டுகள். ஓட்டங்கள் சமமாயின், குறைந்த விக்கெட்டுகளை இழந்த அணியே வென்றதாகும் என்பது போட்டியின் விதி. எஞ்சி நின்ற இரு விக்கெட்டுகள் ஃபுரூக்கிக்குக் கிண்ணத்தை ஈட்டிக்கொடுத்தன. கழகம் தோன்றி எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் வந்த வெற்றி அது.

இவ்வெற்றியின் நுட்பத்தை மாணவர்கள் சிந்தித்தல் வேண்டும். வானளாவப் பந்தை அடிப்பவனையே கூட்டம் கைதட்டி வரவேற்கும். தன் விக்கெட்டைக் காத்து நிற்பவனை எவரும் பாராட்டுவதில்லை. ஆயினும், அன்று கணக்கைத் தீர்த்தவை பெற்ற ஓட்டங்கள் அல்ல. இழக்காது காத்த விக்கெட்டுகளே. ஈட்டுதல் ஒரு திறமையெனின், ஈட்டியதை இழவாது காத்தல் அதனினும் குறையாத திறமை. நம் வீட்டு அன்னையர் அரிசிப் பானையிலிருந்து நாள்தோறும் ஒரு பிடி எடுத்து ஒதுக்கிவைக்கும் பண்பும் இதுவே. ரவுலெட்ஜ் வீரர்களும் இகழத்தக்கவர் அல்லர். ஓட்டக் கணக்கிலே அவர்களை எவரும் மிஞ்சவில்லையன்றோ?

அதே செப்டம்பரிலே நம் நாடும் நெடுநாட் காத்திருந்த ஒரு வெற்றியைக் கண்டது. 1982இலே தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடித் தோல்வி கண்ட கொழும்பு சரவணமுத்து மைதானத்திலேயே, 1985 செப்டம்பர் 11ஆம் நாள், துலீப் மென்டிஸ் தலைமையிலான இலங்கை அணி இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று, தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. ருமேஷ் ரத்னாயக்க அவ்வாட்டத்திலே ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். அது ஒரு நாட்டின் வெற்றி. மற்றையது ஒரு சிற்றூரின் வெற்றி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: தோற்ற பின்னரும் மறுநாள் மைதானத்துக்கு வருதல்.

நம் ஊர்களிலும், பனங்கூடல்களின் நடுவே தரவை வெளிகளிலே மாலைதோறும் பந்தாடும் இளைஞர் பலர் உளர். அவர்களுட் சில அணிகள் ஆண்டுக்கணக்காகத் தோற்றுக்கொண்டே இருத்தலுங் கூடும். ஊரார் நகைக்கலாம். நகைக்கட்டும்! ஃபுரூக்கியைப் பார்த்து நகைத்தவர்களும் ஒரு காலத்திலே இருந்தனர்.