மலையில் விழுந்த நீரும் கடற்கரையில் எழுந்த தொழிலும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் ஒரு நகரின் செல்வத்தை மதிப்பிடும்போது, அதன் ஆலைகளையும் துறைமுகத்தையும் கண்டு வியக்கிறோம். அச்செல்வத்தின் ஊற்றோ பல வேளைகளில் நெடுந்தொலைவில் மறைந்திருக்கும். கேரளத்தின் கடற்கரை மாவட்டமான எர்ணாகுளத்தின் தொழில் வளத்திற்கு அத்தகைய ஊற்றாக அமைந்தது, மூணாற்றுக்கு அருகே மலைமீதுள்ள பள்ளிவாசல் என்னும் சிற்றூர்.

கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்தில், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமாருடன் மலையேறிய தமிழ் மக்கள் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கினர். அந்நாளில் தேயிலை கிழக்கு நோக்கியே இறங்கிற்று. டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலிலும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி மலையடிவாரத்திற்கும், பின்னர் போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடிக்கும் அது சென்றது. 1924-ஆம் ஆண்டு, அதாவது கொல்லம் ஆண்டு 1099-இல், பெய்த பெருமழை அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. 1931-இல் ஆலுவாவிலிருந்து மூணாற்றுக்குப் புதிய சாலை திறக்கப்பட்டது. மலையின் முகம் மேற்கே, கொச்சியை நோக்கித் திரும்பிற்று.

சாலையைப் பின்தொடர்ந்து மின்சாரமும் இறங்கியது. முதிரப்புழை ஆற்றின் நீரைக் குழாய்களில் செலுத்தி, ஏறத்தாழ 1900 அடி கீழே வீழ்த்தி, அதன் விசையால் மின்னாக்கிகளைச் சுழற்றும் நிலையம் 1940-இல் பள்ளிவாசலில் தொடங்கப்பெற்றது. இன்றைய கேரளப் பகுதியில் அமைந்த முதல் பெரிய நீர்மின் நிலையம் இதுவே. விரிவடைந்தபின் இதன் திறன் 37.5 மெகாவாட் ஆயிற்று. இன்றைய கணக்கில் அது சிறிதுதான். ஆனால், நிலக்கரி கிடைக்காத திருவிதாங்கூருக்கு அது பெருஞ்செல்வம். 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்சாரம் கோவையின் நூற்பாலைகளுக்குச் செய்த உதவியை, பள்ளிவாசல் ஆலுவாவின் தொழில்களுக்குச் செய்தது.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க இன்றும் ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆதலால், கனிமம் கிடைக்கும் இடத்தைவிட மலிவான மின்சாரம் கிடைக்கும் இடத்தையே அத்தொழில் நாடும். 1943-இல் ஆலுவாவுக்கு அருகே அலுபுரத்தில் உருக்காலை அமைந்ததன் காரணம் இதுவே. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூர் உணவுப் பஞ்சத்தில் தவித்தது. விளைச்சலைப் பெருக்க உரம் வேண்டும் என்னும் நோக்கத்துடன், 1943-இல் 'பாக்ட்' என்னும் உரத் தொழில் நிறுவனம் தோன்றியது. அதை உருவாக்குவதில் முன்னின்றோர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள். உத்தியோகமண்டலில் 1947-இல் உர உற்பத்தி தொடங்கிற்று. பிறகு அங்கே வேதிப்பொருள் ஆலைகளும், மணவாளக்குறிச்சி, சவறை ஆகிய கடற்கரைகளின் மோனசைட்டு மணலைப் பக்குவப்படுத்தும் ஆலையும் எழுந்தன. மலைத்தேயிலைக்கும் 1947 முதல் கொச்சியில் ஏலச்சந்தை உண்டாயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்னாக்கிகளைச் சுழற்றிய நீர் அங்கேயே பயனற்றுப் போவதில்லை. செங்குளம், நேரியமங்கலம் நிலையங்களிலும் உழைத்து, பெரியாற்றோடு கலந்து, அதே ஆலைகளின் அருகாகப் பாய்ந்து கடலை அடைகிறது. மலையையும் கடற்கரையையும் தனித்தனிக் கணக்காக எழுதுவது பொருந்தாது என்பதற்கு இந்த ஆறே சான்று.

ஆயினும், பொருளாதாரக் கணக்கேடுகளில் யூனிட்டும் டன்னும் ஏறுகின்றன. உழைத்த கைகள் ஏறுவதில்லை. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் நிலைத்தது. தாம் இருந்த இடத்திலேயே அங்குள்ள தமிழர் பிற மாநிலத்தவராயினர். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் தாமாகவே திரண்டு, போனசும் கூலியும் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோதுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மாண்டோரில் பலர் தூத்துக்குடி மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். அவர்களுடைய முன்னோரும் கொழுந்து கிள்ளியவர்களே.

பள்ளிவாசல் நமக்குக் கற்பிக்கும் பாடம் எளியது. ஒரு மாவட்டத்தின் தொழில்வளம் அதன் எல்லைக்குள் மட்டும் பிறப்பதன்று. மேலிருந்து நீரும் மின்சாரமும் தேயிலையும் இடைவிடாது இறங்குகின்றன. ஈடாகப் பாதுகாப்பான வீடும் நேர்மையான கூலியும் மேலே ஏற வேண்டும். அயல் மாநிலத்தில் உழைத்து வாழும் நாம், நம் நகரங்களிலும் இக்கணக்கைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.